சீலிங் வெள்ளையாக இருந்தால் ஐயாயிரம் ரூபாய் போதும்

"கேமரா எந்தக் கம்பெனியோ, ஃபிளாஷும் அதே கம்பெனியில்தான் வாங்கணும். இல்லாட்டி கேமரா போயிடும்."

கடைக்காரர் இதைச் சொல்கிறார். கல்யாண வீட்டுக்கு வரும் போட்டோகிராபர் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து கேமரா வாங்கி அனுப்பிய பிள்ளையும் வீடியோ காலில் இதையேதான் சொல்கிறான். மூன்று பேரும் ஒரே குரலில் சொல்வதால் நம் வயதுக்காரர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒன்று இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் என்று கொட்டிக்கொடுக்கிறார்கள். இல்லை, ஃபிளாஷே வேண்டாம் என்று கேமராவின் தலையில் இருக்கும் குட்டி விளக்கையே எதிரில் இருப்பவர் முகத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேண்டாத வேலை என்பது என் கட்சி. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்குள் ஒரு தனி ஃபிளாஷ் வாங்கி, வீட்டு சீலிங்கைப் பார்த்துத் திருப்பி அடித்தால், நமக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை. தொலைபேசித் துறையில் கேபிள், ஜாயின்ட், மல்டிமீட்டர் என்று காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவன். ஆகவே மின்சாரக் கணக்கும் தெரியும், பணக் கணக்கும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஒரு ஃபிளாஷுக்கு இவ்வளவு ஆவேசமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் வீடுகளில் ஒருவர் காலமானால், முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வரும்: "நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?" பெரும்பாலும் இருக்காது. ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்குவார்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானத்தை ஒட்டி, போனால் போகிறதென்று முகத்தையும் கொஞ்சம் வெளுக்கவைத்து ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். எங்கள் பெரியம்மாவின் படம் அப்படித்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தோளில் யாருடைய கையோ தெரிகிறது. யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. பெரியம்மாவுக்குக் கறுத்த, களையான முகம். சட்டத்துக்குள் இருப்பவர் வேறு யாரோ.

இத்தனைக்கும் அந்த வீட்டில் இரண்டு கேமராக்கள் உண்டு. பெரியம்மாவின் படங்களும் நிறைய உண்டு. எல்லாமே நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்தவை. ஒன்றுகூடச் சுவரில் மாட்டத் தேறவில்லை. கேமரா இல்லாத குறையல்ல அது, வெளிச்சத்தின் கோளாறு.

கேமராவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஃபிளாஷ், லென்ஸுக்குச் சில அங்குலம் மேலேதான் இருக்கிறது. வெளிச்சம் அங்கிருந்து நேராகப் போய் முகத்தில் மோதி நேராகத் திரும்புகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு. விபூதி எது, நெற்றி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளை. பின்சுவரில் கரியால் கோடு போட்டதுபோல் தலையின் நிழல். விழித்திரையின் ரத்தக்குழாய்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் கண்மணி சிவந்துபோகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்கை விதி. அதனால் முன்வரிசையில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருப்பார்கள். பின்வரிசையில் நின்ற தாத்தா இருட்டில் இருப்பார்.

பெரிய விலை கொடுத்து வாங்கிய ஃபிளாஷையும் இதேபோல் நேராகத் திருப்பி அடித்தால் இதே கதிதான், இன்னும் கொஞ்சம் பலமாக. முப்பதாயிரம் ரூபாய் அந்த வெளிச்சத்தை மிருதுவாக்கிவிடாது.

மிருதுவாக்குவது அளவு. வெளிச்சம் எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறதோ, அந்த அளவுக்கு நிழலின் ஓரம் கரைந்துபோகும். உச்சி வெயிலில் கறுத்த நிழல் விழுகிறது. மேகம் மூடிய நாளில் நிழலே தெரிவதில்லை. சூரியன் அதேதான், மேகம்தான் விளக்கைப் பெரிதாக்கிவிட்டது. ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி சீலிங்கில் அடித்தால், தீப்பெட்டி அளவு விளக்கு ஒரு கட்டில் அளவு விளக்காகிவிடுகிறது. மூக்குக்கண்ணாடியில் பளிச்சிடாது. சுவரில் கரிநிழல் விழாது. கறுப்பு கறுப்பாகவும், மாநிறம் மாநிறமாகவும் இருக்கும். நம் முகங்களுக்கு வேண்டியது இந்த வெளிச்சம்தான். அதைக் கொடுப்பது வீட்டு சீலிங். அதற்கு விலை கிடையாது.

ஆகவே ஃபிளாஷ் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புமா?" என்பதுதான். திரும்பாத ஃபிளாஷ் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம். மலிவு வேறு, மட்டம் வேறு.

அடுத்து கடைக்காரர் ஒரு எண்ணைக் காட்டுவார். அதற்குப் பெயர் கைடு நம்பர். "இது 58 சார், அது வெறும் 28." கேட்டவுடன் மனம் 58 பக்கம் சாயும். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

கைடு நம்பர் என்பது தூரத்தை அப்பர்ச்சர் எண்ணால் பெருக்கினால் வருவது. ஐ.எஸ்.ஓ. 100-இல், 5 மீட்டர் தூரத்துக்கு எஃப் 8 சரியாக இருந்தால் அந்த ஃபிளாஷின் எண் 40. பழைய ஃபிளாஷ்களின் முதுகில் ஒரு சின்ன அட்டவணை ஒட்டியிருக்குமே, நினைவிருக்கிறதா? அது இந்தக் கணக்குதான். ஆனால் ஃபிளாஷின் தலைக்குள் ஒரு ஜூம் இருக்கிறது. டார்ச் லைட்டின் முகப்பைத் திருகினால் வெளிச்சம் குவிவதுபோல, அது ஒளியைக் குவித்தால் எண் ஏறும், விரித்தால் இறங்கும். கேனனின் 580இஎக்ஸ்-2 ஃபிளாஷில் 105 மி.மீ. ஜூமில் எண் 58; அதே ஃபிளாஷை 35 மி.மீட்டருக்கு விரித்தால் 36. நிக்கான் எஸ்.பி.700-க்குப் போட்டிருக்கும் 28, அந்த 35 மி.மீட்டரில் அளந்தது. அப்படியென்றால் ஒப்பிட வேண்டியது 58-ஐயும் 28-ஐயும் அல்ல, 36-ஐயும் 28-ஐயும். வெளிச்சம் எண்ணின் வர்க்கத்தில் ஏறுவதால், முதல் கணக்கில் வித்தியாசம் நாலு மடங்குக்கு மேல். சரியான கணக்கில் இரண்டு மடங்குகூட இல்லை. 200 மி.மீட்டரில் அளந்து 60 என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பவர்களும் உண்டு. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது, "எந்த ஜூமில் அளந்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நம் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? சீலிங் பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏழடி தள்ளி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஃபிளாஷிலிருந்து சீலிங், சீலிங்கிலிருந்து முகம் என்று வெளிச்சம் நடக்கும் தூரம் பதின்மூன்று அடி, அதாவது 4 மீட்டர். எண் 36 என்றால் 4 மீட்டருக்கு எஃப் 9. சீலிங்கில் பட்டுச் சிதறுவதில் நாலில் மூன்று பங்கு போனாலும், ஐ.எஸ்.ஓ.வை 400-ஆக உயர்த்தினால் மறுபடியும் எஃப் 9 வந்துவிடும். நமக்கு எஃப் 5.6 போதும். ஃபிளாஷ் முழு பலத்தில்கூட வேலை செய்ய வேண்டாம், அரை பலம் தாராளம். ஆக, மலிவான ஃபிளாஷே இந்த வேலைக்கு மிச்சம் வைக்கிறது. மண்டபத்தின் முப்பதடி உயர சீலிங்குக்குப் போதாது, வாஸ்தவம். அங்கே விலை உயர்ந்த ஃபிளாஷும் திணறத்தான் செய்யும்.

மூன்றாவது பூச்சாண்டி டி.டி.எல். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து, ஃபிளாஷின் பலத்தைக் கேமராவே முடிவு செய்யும் ஏற்பாடு. "அது இல்லாட்டி உங்களால முடியாது சார்" என்று சொல்லும்போது, நம் நரைத்த தலையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். முப்பத்தாறு படம் உள்ள ஃபிலிம் ரோலைப் போட்டு, அட்டவணையைப் பார்த்து அப்பர்ச்சரைத் திருப்பி, சரியாக வந்ததா என்று தெரிய ஸ்டுடியோவில் ஒரு வாரம் காத்திருந்த தலைமுறை இது. இன்று எடுத்த மறுநொடியே படம் திரையில் தெரிகிறது. வெளுத்திருந்தால் பலத்தை ஒரு படி குறை, கறுத்திருந்தால் ஒரு படி கூட்டு. இரண்டு மூன்று தடவை பார்த்தால் முடிந்தது. நாற்காலியும் சீலிங்கும் நகரப்போவதில்லை. அதன் பிறகு அன்று எடுக்கும் படம் எல்லாம் ஒரே மாதிரி வரும்.

டி.டி.எல். அப்படி வருமா? அது அளப்பது திரும்பி வரும் வெளிச்சத்தை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெரியவர் உட்கார்ந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் கறுக்கும். கறுப்புக் கோட்டுக்காரர் வந்தால் கூட்டிவிடும், முகம் வெளுக்கும். இன்றைய கேமராக்கள் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும் இந்தத் தடுமாற்றம் முழுதாகப் போகவில்லை. போதாக்குறைக்கு, அளப்பதற்காக முன்கூட்டியே ஒரு சின்ன மின்னல் அடிக்கும். அதற்கே கண்ணைச் சிமிட்டிவிடும் ஆட்கள் உண்டு. உண்மையான மின்னல் வரும்போது கண் மூடியிருக்கும்.

டி.டி.எல். யாருக்குத் தேவை என்றால், மாப்பிள்ளை அழைப்பில் ஓடி ஓடி, ஒரு நொடி நாலடியிலும் மறு நொடி பதினைந்தடியிலும் எடுத்தாக வேண்டிய தொழில்காரருக்கு. அது அவருடைய பிழைப்பு, விலையை அவர் சம்பாதித்துவிடுவார். அவருக்குத் தேவையானதை நம் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, "கேமரா போயிடும்" என்ற பயம்? அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆபத்து இன்று விற்கும் மலிவு ஃபிளாஷில் இல்லை. உங்கள் பீரோவில் இருக்கிறது. 1970களில், 80களில் பர்மா பஜாரில் வாங்கியதோ, வளைகுடாவிலிருந்து மச்சினர் கொண்டுவந்ததோ, ஒரு பழைய ஃபிளாஷ் இருக்கும். அந்தக் காலத்து ஃபிளாஷ்களில் சிலவற்றின் அடிப்பக்க ஊசியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். புகழ்பெற்ற விவிட்டார் 283-இன் ஆரம்பகால மாடல்களும் அதில் சேர்த்தி. பழைய கேமராவில் அது வெறும் உலோகத் தொடுப்பு, ஒன்றும் ஆகாது. இன்றைய கேமராவில் அந்த இடத்தில் மின்னணுச் சுற்று இருக்கிறது. சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும், சில தாங்காது. ஃபிளாஷில் பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும், அடிப்பக்க நடு ஊசிக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு வோல்ட்டுக்குள் என்றால் பயமில்லை. நூறு, இருநூறு காட்டினால் அதை மறுபடி பீரோவில் வையுங்கள். திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் கண்டென்சர் முந்நூறு வோல்ட் அளவில் தேக்கி வைத்திருக்கும், அணைத்த பிறகும் உதைக்கும்.

இன்னொரு சங்கதி. ஹாட் ஷூ என்கிற அந்தத் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். எந்தக் கம்பெனி ஃபிளாஷும் எந்தக் கம்பெனி கேமராவிலும் எரியக் காரணம் அந்த நடுப்பொட்டுதான். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பொதுவாக இருந்த ஏற்பாடு. கேனன் தன் 1500டி, 3000டி, 200டி-2 ஆகிய கேமராக்களில் அதை எடுத்துவிட்டது. கேமரா மலிவு, ஆனால் பொது ஃபிளாஷ் அதில் எரியாது. கேனனுக்கென்றே செய்த ஃபிளாஷ்தான் வேண்டும். கேமரா வாங்குகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் கேமராவின் தலையைக் குனிந்து பாருங்கள். நடுப்பொட்டு இருந்தால் என் பேச்சு முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். இல்லாவிட்டால், அதே வெளிக்கம்பெனிகள் கேனனுக்கென்று தனியாகச் செய்யும் ஃபிளாஷ் உண்டு. உங்கள் கேமராவிலேயே பொருத்தி, எரிகிறதா என்று கடையில் பார்த்து வாங்குங்கள். அப்போதும் முப்பதாயிரம் ஆகாது. புதிய சோனி கேமராக்களின் ஷூவும் தனி மாதிரி. அதற்கென்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும்போது துண்டுச்சீட்டில் இவ்வளவு எழுதிக்கொண்டால் போதும். தலை மேலும் பக்கமும் திரும்ப வேண்டும். பலத்தை முழுசு, பாதி, கால் என்று 1/64 வரையாவது கையால் குறைக்க முடிய வேண்டும். சாதாரண ஏ.ஏ. பேட்டரி நாலு போடுவதாக இருக்க வேண்டும். கையில் பில், உத்தரவாதம். கோடாக்ஸ் டி.டி.600, யோங்நுவோ 560 வரிசை இந்த ரகம். ஐயாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும், கடைக்குக் கடை நூறு இருநூறு மாறும். மிச்சமாகும் பணத்தில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி எட்டும் ஒரு நல்ல சார்ஜரும் வாங்குங்கள். சாதாரண பேட்டரி போட்டால் இரண்டாவது படத்துக்கு ஃபிளாஷ் தயாராவதற்குள் பேரன் எழுந்து ஓடிவிடுவான். அது உள்ளேயே கசிந்து ஃபிளாஷைக் கெடுத்தாலும் கெடுக்கும்.

வீட்டுக்கு வந்து கேமராவை எம்-இல் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, ஷட்டர் 1/125, ஃபிளாஷ் பாதி பலம். இது ஆரம்பம், பிறகு கூட்டிக் குறைக்கலாம். ஷட்டரை 1/500 என்று ஏற்றினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துப்போகும், ஏற்ற வேண்டாம். ஃபிளாஷ் நேர் உச்சியில் அடித்தால் குழிவிழுந்த கண்களில் நிழல் தங்கும். தலையைக் கொஞ்சம் பின்பக்கமோ பக்கச் சுவர்ப்பக்கமோ சாயுங்கள். அப்படியும் கண் இருண்டால், கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தை ஃபிளாஷின் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டி, இரண்டங்குலம் மேலே நீட்டி விடுங்கள். இதே வேலைக்கு பிளாஸ்டிக் கிண்ணம் விற்கிறார்கள், பத்திரிகை போதும். மின்விசிறி இருக்கும் பக்கம் அடிக்காதீர்கள், இறக்கையின் நிழல் விழும். சுவர் பச்சை, நீலம் என்று இருந்தால் அதில் அடிக்காதீர்கள், முகமும் பச்சை, நீலம் ஆகும். ஓட்டு வீடு, மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டு அதில் அடிக்கலாம்.

"போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பகலில், ஜன்னலோரம், போன் அருமையாக எடுக்கிறது. அங்கே ஃபிளாஷே வேண்டாம் என்பேன். ஆனால் போனில் இருப்பது ஃபிளாஷ் அல்ல, குட்டி எல்.இ.டி. விளக்கு. அதை சீலிங்குக்குத் திருப்ப முடியாது. இரவில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கை நடுங்கும் தாத்தாவும் நில்லாத குழந்தையும் அதில் மங்கிப்போவார்கள். ஃபிளாஷ் மின்னுவது நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம். தாத்தாவின் நடுக்கம் அதற்குள் அடங்கிவிடும். அவர் சிரித்தது மட்டும் நிற்கும்.

அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆல்பம் கனமாக வருகிறது. அதில் தம்பதி தனியாக, நிதானமாக, தங்கள் சொந்த நிறத்தில் இருக்கும் படம் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. தெருவுக்கு ஒருவர் இப்படி ஒரு ஃபிளாஷ் வாங்கி வைத்துக்கொண்டாலே போதும். நாலு வீட்டுக்காரர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்பதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கண்ணாடியோடும் விபூதியோடும், அவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே எடுத்துவிடலாம். மறுநாளே எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவர்களும் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே.

வருகிற பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் சுவருக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் மருமகள் சொல்லட்டும். சீலிங்குக்கு மட்டும் வெள்ளை என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.